இரவல் போன தொண்டை

தன் குரலைத் திருப்பி வாங்கப் போன சென்னியப்பனுக்கு நூலகத்தில் கிடைத்த பதில் இதுதான்: "அது வெளிய போயிருக்குங்கண்ணா. வந்ததும் சொல்லி அனுப்பறேன்."

சொன்னவர் நூலகர் பிரபாவதி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைப் பார்த்தபடி, ஏதோ சமையல் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

சென்னியப்பன் உதட்டை அசைத்தார். 'எம்பட கொரலுக்கு நானே காத்துக் கெடக்கோணுமாக்கும்' என்றுதான் அசைத்தார். கழுத்தில் கட்டியிருந்த பட்டை அந்த அசைவைப் படித்து, குளிப்பாட்டித் தலைசீவி வெளியே அனுப்பியது: "என் குரலுக்காக நானே காத்திருக்க வேண்டுமா, அம்மையீர்?"

வாசிப்பறையில் ஒருவர் செய்தித்தாளை இறக்கி எட்டிப் பார்த்தார்.

அந்தப் பட்டை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. குரல்வளையை எடுத்துவிட்டவர்களின் கழுத்துத் தசை அசைகிற அசைவிலிருந்து பேச்சு எடுத்துத் தரும். நல்ல சாமான்தான். ஆனால் தருகிற பேச்சு, செய்தி வாசிக்கிறவர் வழி தவறி மாட்டுச் சந்தைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறி, முதல்முறை அதைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்குள் நுழைந்த அன்று, ஒரு கறவை மாட்டைப் பார்த்து அது சொன்னது: "இப்பசுவுக்குத் தாங்கள் கூறும் விலை மிகக் குறைவாக உள்ளது." வாங்க வந்தவர் பிடித்திருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த ஆள் என்று கும்பிட்டார். பின்னால் இருந்து ஒருத்தன், "மாமோவ், அப்படியே நாளைக்கு மழை உண்டான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான். சந்தையே சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். பட்டைக்குச் சிரிக்கத் தெரியாது. அதனால் அவர் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சந்தையில் அவர் எப்படி இருந்த ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்கிறவர் பக்கம் நிற்கிற தரகர். சென்னியப்பன் விலை சொன்னால் மாடே ஒரு சுற்றுப் பெருத்தமாதிரி தெரியும். பொய் சொல்ல மாட்டார். இருக்கிறதையே சொல்வார். ஆனால் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் வாங்க வந்தவன் தானே ஒரு படி பால் கூட்டிக்கொள்வான். பேரம் படியாவிட்டால் "சரி விடுங்க" என்று ஒரு சொல், அவ்வளவுதான். பத்தடி போனவன் திரும்பி வந்துவிடுவான்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும் கோயம்புத்தூர் டாக்டர் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார். அப்போது ஆஸ்பத்திரியிலேயே ஒரு யோசனை சொன்னார்கள். பொது நூலகத்தில் குரல் இருப்பு என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள் என்று. நூலகத்து வாசலில் மாதாமாதம் ஒரு பலகை வைப்பார்கள்: இம்மாதப் புதிய ஒலிநூல்கள், இம்மாதப் புதிய குரல்கள். எந்தப் புத்தகத்தையும் எந்தக் குரலிலும் கேட்கலாம். உறுப்பினராக இருந்தால் போதும், பொடி டப்பி அளவில் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊரே அதை டப்பி என்றுதான் சொல்லும். பிழைப்போமோ மாட்டோமோ என்றிருந்த மனுஷன், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

பதிவு செய்த அன்று, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிப் பக்கங்களைக் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி படித்தார். பிரபாவதி கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து வந்து அந்தப் பக்கங்களை வாங்கி ஓரமாக வைத்தார். "அண்ணா, இது வேண்டாம். எனக்கு ஒரு மாடு வித்துக் காட்டுங்க" என்றார்.

சென்னியப்பன் விற்றார். மத்தியானம் ஆவதற்குள், மூன்றாவது மாடி அடுக்ககத்தில் குடியிருக்கிற பிரபாவதி, கன்றுக்குட்டியை லிப்டில் ஏற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதுதான் விஷயம். மற்ற குரல்களெல்லாம் படிக்கக் கற்றுக்கொண்ட குரல்கள். இந்தக் குரல் விற்கக் கற்றுக்கொண்டது. புத்தகத்தில் உள்ளதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல்தான் படிக்கும். ஆனால் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அதை உங்கள் தலையில் கட்டாமல் விடாது. ஆக்சிஜனைப் பற்றிப் படித்தால், இன்றைக்கு விட்டால் இனி கிடைக்காது என்று தோன்றும். கேட்டவர்கள் கேட்காதவர்களிடம் சொன்னார்கள். வரிசை நீண்டது.

"வரிசையில யாரு" என்று கேட்க நினைத்தார் சென்னியப்பன். "வரிசையில் உள்ளோர் எவர்?" என்றது பட்டை.

"பேரு சொல்லக் கூடாதுங்கண்ணா. ஆளச் சொல்றேன்" என்றார் பிரபாவதி. "கெமிஸ்ட்ரில திரும்பத் திரும்ப ஊத்திக்கிட்ட ஒரு பொண்ணு. இப்ப உங்க குரல்ல கேட்டுட்டுத்தான் பாஸ் பண்ணுவேன்னு நிக்குது. டயாலிசிஸ் வார்டு நர்ஸ் ஒருத்தங்க. மெஷின்ல படுத்திருக்கிறவங்க நாலு மணி நேரம் எந்திரிக்காம இருக்கோணும், நீங்க பேசுனா இருக்கறாங்களாம். மில்லுல வாட்ச்மேன் ஒருத்தரு வருமான வரிச் சட்டம் கேக்கறாரு. வரி கட்டற வருமானம் அவருக்கு இல்ல. கதை நல்லா இருக்குங்கறாரு. அப்புறம் ஒரு வீட்டம்மா, வரிசையில மொத ஆளு. எந்தப் புத்தகம் வேணும்னு கேட்டேன். எதுவா இருந்தா என்ன, கொரலு இதுதானேன்னு கேட்டாங்க."

சரக்குக்குக் கிராக்கி என்றால் சென்னியப்பனுக்கு எப்போதும் உடம்பு கொஞ்சம் நிமிரும். இப்போதும் நிமிர்ந்தது. உடனே எரிச்சலும் வந்தது. கிராக்கியான சரக்கு, தன்னுடையது, தன் கையில் இல்லை.

"ஆளுக்கு ஒண்ணு நகல் எடுத்துக் குடுக்கலாமில்ல?" இதைப் பட்டை எப்படிச் சொன்னது என்பதை விட்டுவிடலாம்.

"முன்னால அப்படித்தான் இருந்துச்சு. அப்ப நடந்ததெல்லாம் மறந்துட்டீங்களா? மக குரல்ல போன் வரும், அப்பா காசு போட்டு விடுங்கன்னு. மக பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டிருப்பா. அதுக்குத்தான் சட்டம் போட்டாங்க. ஒரு குரல் ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் இருக்கோணும்."

ஒரே மாட்டை இரண்டு பேருக்கு விற்கிறவனைச் சந்தை என்ன செய்யுமோ, அதைத்தான் சட்டமும் செய்திருக்கிறது. சென்னியப்பனால் மறுக்க முடியவில்லை.

"நீங்க கேட்டா குடுத்துத்தான் ஆகோணும்" என்றார் பிரபாவதி. "குடுத்தவங்களுக்கு அந்த உரிமை உண்டு. உங்க பட்டைக்குள்ள ஏத்திருவேன். சித்திரைச் சந்தைக்குப் பழைய ஆளாவே போலாம். ஆனா உள்ள ஏறிருச்சுன்னா இங்க திரும்பி வராது. வரிசையில நிக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்லிருவேன். அது எம்பட வேலை, நீங்க சங்கடப்படாதீங்க."

சங்கடப்படாதீர்கள் என்று சொல்லிச் சங்கடத்தைக் கையில் கொடுப்பது ஒரு வித்தை. சந்தையில் பிறந்திருந்தால் இந்தம்மா எங்கேயோ போயிருப்பார் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார்.

"இப்போது வைத்திருப்பவர் யார்?"

"சொல்லமாட்டேன். அவருக்கு நீட்டிப்புச் சலுகை இருக்கு. வரிசை எவ்வளவு நீளமா இருந்தாலும் அவரு வச்சுக்கலாம். மாசக்கணக்கா அவருகிட்டத்தான் இருக்கு. மத்தவங்க எல்லாம் காத்துட்டிருக்காங்க." கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நீட்டிக்கறதுக்கு டப்பியோட நேர்ல வரோணும். புதன்கிழமை காலைல ஜன்னலோரம் காத்து நல்லா வரும்ணா. பேப்பர் படிக்க வாங்க."

வீட்டில் மனைவி ருக்மணி தோசையைத் திருப்பியபடி கேட்டாள்: "வாங்கியாச்சுங்களா?"

"வெளியே சென்றுள்ளது."

"அதுவுமா? நீங்கதான் வீடு தங்கமாட்டீங்கன்னு பாத்தேன்." தோசையை எடுத்துத் தட்டில் போட்டாள். "எப்பத் திரும்பி வருமாம்?"

தெரியவில்லை என்று கையை விரித்தார். சட்னி வைக்கும்போது மறுபடி கேட்டாள்: "ஒரு நாளு, கெழமைன்னு ஒண்ணும் சொல்லலியா?" சாப்பாட்டுக்கு நடுவே அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை ஜன்னலோரம் காற்று வரவில்லை. மீரான் ராவுத்தர் வந்தார்.

சந்தையில் சென்னியப்பன் விற்கிறவர் பக்கம் என்றால் ராவுத்தர் வாங்குகிறவர் பக்கம். பாலக்காட்டு வியாபாரிகளெல்லாம் அவர் கையில். முப்பது வருஷம் இரண்டு பேரும் ஒரு மாட்டுக்கு இரு பக்கமும் நின்று சண்டை போட்டு, பிறகு ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்கள். 'மாமா' என்பார் ராவுத்தர். 'மாப்ளே' என்பார் சென்னியப்பன். ஆபரேஷனுக்குப் பிறகு சந்தையே ஆஸ்பத்திரிக்கு வந்துபோனது. மாடு வாங்கி ஏமாந்தவர்கள்கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். வராத ஒரே ஆள் ராவுத்தர். அந்த வருத்தம் சென்னியப்பனுக்குத் தொண்டையை விட ஆழத்தில் இருந்தது.

இப்போது அவர் கையில் வெள்ளைத் தடி இருந்தது. தடியால் நாற்காலியைத் தட்டிப் பார்த்து, மேஜைக்கு அந்தப் பக்கம், சென்னியப்பனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கண் திறந்துதான் இருந்தது. எதையும் பிடிக்கவில்லை. சலுகை என்ன சலுகை என்று சென்னியப்பனுக்குப் புரிந்தது.

"மேடம், கடைசி அத்தியாயம் ஒண்ணு பாக்கி. முடிச்சுட்டு எழுதிக்கலாமா?" என்றார் ராவுத்தர்.

"முடிங்க பாய். அவசரமில்ல" என்று பிரபாவதி மேஜை ஓரத்துக்கு வந்து நின்றார்.

ராவுத்தர் டப்பியை மேஜைமேல் வைத்து அழுத்தினார். சென்னியப்பன் எதிரே இருந்து தன் குரலைக் கேட்டார்.

"சிப்பிக் காளான் வளர்க்கும் கொட்டகையில் ஈரப்பதம் எண்பது சதவீதம் இருக்க வேண்டும்" என்றது குரல். இருக்கிறதில் ஒரு பொட்டுக் குறையாது என்கிற கறாரோடு சொன்னது.

"அறுபது" என்றார் ராவுத்தர்.

குரல் நிறுத்தியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் அதன் பழக்கம். "அதற்குக் குறைந்தால் மொட்டுகள் கருகிவிடும்."

"கருகட்டும். எம்மேல ஏன் பாரத்தப் போடறீங்க? அறுபத்தஞ்சு. அதுக்கு மேல என் பார்ட்டிக்குக் கட்டாது."

"காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது அவசியம்."

"அத நீங்க பாத்துக்குங்க மாமா. தெளிச்சுக் குடுங்க, எழுபது வரைக்கும் பேசித்தர்றேன்." ராவுத்தர் முகம் சிவந்திருந்தது. சந்தோஷத்தில். "எழுபதுக்கு முடிச்சுக்கலாமா?"

"மூன்றாம் அறுவடை முடிந்ததும் படுக்கையை அப்புறப்படுத்திவிடலாம்" என்றது குரல், துண்டை உதறிக்கொண்டு கிளம்புகிற தொனியில்.

"பாத்தீங்களா மேடம், கெளம்பிட்டாரு" என்று ராவுத்தர் பிரபாவதி பக்கம் திரும்பிச் சொன்னார். "எப்பவும் இப்படித்தான். அந்த மனுஷன் மண்ணுக்குள்ள போயும் இந்தக் குணம் போகல."

சென்னியப்பன் நிமிர்ந்தார். பிரபாவதியும்.

"யாரு மண்ணுக்குள்ள போனது பாய்?"

"இந்தக் கொரலுக்குச் சொந்தக்காரரு. ரெண்டு பேருக்கும் ஒரே சீசன்ல சீக்கு வந்துச்சு. எனக்குக் கண்ணு போச்சு, மகன் பாலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அவரு கொரலக் குடுத்துட்டாருன்னு அங்க வந்த வியாபாரி ஒருத்தன் சொன்னான். கண்ணக் குடுத்தாங்கன்னா ஆளு போன பொறகுதானே குடுக்கறது? அந்த மாதிரிதானே இதுவும்? அப்பறம் நான் யாரயும் கேக்கல. கேட்டா என்னைக்குப் போனாருன்னு சொல்லுவாங்க. எனக்கு அது வேண்டியதில்ல. பொள்ளாச்சிக்கே கூட்டிட்டுப் போடான்னு அடம் பிடிச்சு வந்து, இந்த டப்பியப் பிடிச்சேன்."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். இப்போது உதட்டை அசைத்தால் பட்டை "வணக்கம், நான் உயிரோடு இருக்கிறேன்" என்று செய்தி வாசிக்கும். ராவுத்தர் எழுந்து நின்று, என்ன சார் வேண்டும் என்று கேட்பார்.

தோளிலிருந்த துண்டை எடுத்தார். மேஜைக்கு மேலே எட்டி, ராவுத்தரின் வலது கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் தன் கையை நுழைத்தார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. சுற்றிலும் நிற்கிறவர்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக, துண்டு போட்டு மூடி, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பிடிக்கிற விரல்களின் எண்ணிக்கைதான் தொகை; விரலைப் பாதியில் மடக்கினால் அரை. பேசுகிற வாயெல்லாம் மாட்டைப் பற்றி. காரியம் நடப்பது துண்டுக்குள். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. குரலுக்கும் வேலையில்லை. ஒவ்வொரு தரகருக்கும் ஒரு பிடி உண்டு. விலையைத் தொடுவதற்கு முன்னால் எதிராளியின் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தி, நாடி பார்ப்பதுபோலப் பார்ப்பது சென்னியப்பனின் பிடி.

அழுத்தினார்.

டப்பிக்குள் குரல் காளான் விதை கிடைக்கும் இடங்களைச் சொல்லிக்கொண்டே போனது. ராவுத்தர் இடது கையால் தடவி அதை நிறுத்தினார்.

"மாமா" என்றார். துண்டுக்குள் விரல்களைத் தடவிப் பார்த்து, "கை சூடா இருக்குது" என்றார்.

துண்டுக்குள் சென்னியப்பன் அந்தக் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"பாய், அவருதான்" என்றார் பிரபாவதி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நல்லாத்தான் இருக்காரு. குரலத் திருப்பி எடுத்துக்க வந்திருக்காரு. சித்திரைச் சந்தைக்குப் போகோணுமாம். அவருக்கு அந்த உரிமை இருக்கு."

ராவுத்தர் டப்பியின்மேல் கையை மூடினார். "உரிமை இருக்கறவரு எதுக்குத் துண்டு போடறாரு? எடுத்துட்டுப் போகவேண்டியதுதானே?"

சென்னியப்பன் துண்டு போடும்வரை எடுத்துக்கொண்டு போவதாகத்தான் வந்தார். துண்டு போட்டுவிட்டால் அது பேரம். பேரத்தில் ஒருத்தர் மட்டும் வாங்கிக்கொண்டு போக முடியாது. அந்த அளவுக்கு மானம் இருக்கிற தொழில் அது.

"கழுத்துல ரேடியோவக் கட்டிட்டு ஒருத்தரு சந்தைக்கு வந்தாராமே. மருமக சொன்னா, யாரோ ஒருத்தரு அப்படித் திரியறாருன்னு. அது நீங்கதானா?" ராவுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினார். "மாமா, உங்களுக்குக் கண்ணு இருக்குது. பல்லப் பாத்தா வயசு தெரியும், மடியப் பாத்தா பாலு தெரியும். எனக்கு அது போச்சு. ஆனா வாயி இருக்குது. உங்க பேச்ச முப்பது வருசம் எதிர்த்தாப்புல நின்னு கேட்டிருக்கேன். காளான்கிட்டயே பேசுன வாயி, மாட்டுக்காரன்கிட்டப் பேசாதா?"

துண்டுக்குள் அசைவு நின்றது. பிரபாவதி துண்டையே பார்த்தார்.

பிறகு சென்னியப்பன் இரண்டு விரல்களைப் பிடித்தார். வாரத்தில் சந்தை இரண்டு நாள்; இரண்டு நாளும் தனக்கு வாயாக வர வேண்டும் என்று அர்த்தம்.

"ரெண்டும் முடியாது. ஒண்ணு."

இரண்டு விரல்களும் இறுகின.

"வயசான காலத்துல. ஒண்ணரை."

துண்டு, உள்ளே பூனைக்குட்டி மாட்டிக்கொண்டதுபோல ஒரு துள்ளுத் துள்ளியது. கை விலகத் தொடங்கியது. பேரம் படியாமல் கிளம்புகிற விலகல். ராவுத்தர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, ரெண்டு. டீ உங்க கணக்கு."

கை உதறப்படவில்லை. அப்படியானால் முடிந்தது. ராவுத்தர் இன்னொரு கையால் டப்பியை மேஜையில் தள்ளினார். அது பிரபாவதியின் பக்கம் வழுக்கிப் போய் நின்றது. சென்னியப்பன் அதை எடுக்கவில்லை. எடுக்காமல், அந்த அம்மாவைப் பார்த்து, வரிசைக்கு என்று கையால் காட்டினார்.

"என்னங்க இது" என்றார் பிரபாவதி. "ரெண்டு பேரும் அதுக்காகத்தான் வந்தீங்க. ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. என்ன வெலைக்கு முடிச்சீங்க?"

"துண்டுக்குள்ள நடந்ததக் கேக்கக் கூடாதுங்க மேடம்" என்றார் ராவுத்தர்.

அடுத்த சந்தையில் ராவுத்தரின் ஒரு கை சென்னியப்பன் தோளில் இருந்தது, இன்னொரு கை துண்டுக்குள். சென்னியப்பன் மாட்டைச் சுற்றி வந்து உள்ளங்கையில் அழுத்துவார். ராவுத்தர் வாயிலிருந்து வரும். முதல் மாட்டுக்கு நல்லபடி பேசிக்கொண்டே வந்தவர், பழக்கதோஷத்தில் பாதியில் விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டார். விற்கிற பக்கமே விலையைக் குறைத்த அதிசயத்தில் சந்தை ஒரு நிமிஷம் உறைந்தது. சென்னியப்பன் மணிக்கட்டில் கிள்ளினார். ராவுத்தர் சமாளித்து நிறுத்தினார். நிறுத்திய இடம் எப்படியோ சரியான இடமாக அமைந்துவிட்டது. வாங்க வந்தவன் தானே ஏற்றிக் கொடுத்தான். "சரி விடுங்க" என்று சொல்லவே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் எதிர்ப்பக்கம் யார் நிற்பது என்பதுதான் அன்றைக்குச் சந்தையின் கவலை.

சாயங்காலம் சென்னியப்பன் வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே அவரே பேசிக்கொண்டிருந்தார்.

"சனிக்கோளைச் சுற்றி அகலமான வளையங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் பனிக்கட்டிகளால் ஆனவை" என்றது குரல், கழுத்து மணியைத் தூக்கிக் காட்டுகிற பெருமையோடு.

சமையல்கட்டில் ருக்மணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மிக்குப் பக்கத்தில் டப்பி. எந்தப் புத்தகமாக இருந்தால் என்ன என்ற வீட்டம்மா யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நிலைப்படியில் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்கிற முகம் ஒரு நொடிதான்.

"என்ன பாக்கறீங்க? வரிசையில நின்னு வாங்கியாந்தேன். நாஞ் சும்மா வாங்கல." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம். "கட்டிட்டு வந்த நாள்ல இருந்து இந்தத் தொண்டைய நிறுத்த ஒரு பொத்தான் இருக்காதான்னு தேடிட்டிருந்தேன். இப்பத்தான் கெடச்சுது. இங்க பாருங்க."

அழுத்தினாள். குரல் நின்றது. வீடு அமைதியானது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்துவந்த அதே அமைதி. அவள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு மறுபடி அழுத்தினாள்.

"வளையங்கள் தொலைவிலிருந்து பார்க்கத் திடமாகத் தோன்றும்" என்றது குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியது.

சென்னியப்பன் கழுத்துப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் எடுத்து வைத்து, மேற்கொண்டு என்ன சொல்கிறார் என்று கேட்க உட்கார்ந்தார்.